கரை யாருடையது

நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்ததும் அதை முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் பலகையில் உட்கார்ந்து நெய்தவன்தான். அறுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். அவனுக்கு வலப்புறம் உட்கார்ந்து, குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைக் கரைக்கென்று தனியாக எறிந்து, சேலையின் உடலும் கரையும் பிரியாமல் கோத்துக் கொடுத்தவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். என் தறியில் அப்படி இருந்தவர் என் மனைவியின் அண்ணன்.

முதலாளிக்கு மனிதர்களைத் தெரியும். ஒருவனை அதட்டுவார், ஒருவனுக்குக் காபி வரவழைப்பார். என்னிடம் புகழ்ச்சிதான் செல்லும் என்று சீக்கிரமே கண்டுகொண்டார். மற்ற நெசவாளிகள் பார்க்கச் சேலையை வெளிச்சத்தில் விரிப்பார். "கரையைப் பாருங்கப்பா, கோடு போட்டா மாதிரி இருக்குது. கைன்னா இது கை!" அந்த ஒரு வாக்கியத்தைத் தின்றுகொண்டே அடுத்த சேலை முழுவதையும் நெய்துவிடுவேன். பசிக்காது, முதுகு வலிக்காது. கரை என்னுடையதல்ல என்ற சொல் மட்டும் தொண்டையைத் தாண்டி வராது.

வீட்டில் மச்சான் கேட்பார்: "இன்னா மாப்ள சொன்னாரு?"

"நல்லா இருக்குதுன்னாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மச்சான்."

கேட்டுக் கேட்டு, கேட்பதையே நிறுத்தினார். நாடா வந்தது, போனது. இழுப்பில் உயிர் இல்லை. கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. சேலைக்கு உறைத்தது. அடுத்ததை விரித்த முதலாளி புருவம் சுருக்கினார். "உடலு நல்லா இருக்குது. கரை ஏம்பா நெளியுது?"

"அது மச்சான் போடறது" என்றேன்.

அவரைப் பற்றி நான் அங்கே வாய் திறந்தது அன்றுதான். குறை சொல்ல.

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார். மச்சானை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். இந்தத் தறியை விட்டால் மச்சான் குடும்பத்துக்கு வேறு கஞ்சி இல்லை.

முதலாளி தறியின் வலப்புறம் போய்க் குந்தினார். "இதுவரைக்கும் வந்த சேலைக்கெல்லாம் கரை போட்டது யாருபா?"

மச்சான் நாடாவைக் கீழே வைக்கவில்லை. "மாப்ளயக் கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அடுப்படியிலிருந்து என் மனைவியும்.

"மச்சான்தான்" என்றேன்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டினால் எனக்கு லேசாகிவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். மச்சானிடம் திரும்பினார். "ஆளை மாத்திப் புகழ்ந்துக்கினு இருந்திருக்கேன்பா. மனசுல வெச்சுக்காத. அடுத்த சேலைய நீயே எடுத்துக்கினு வா."

"அப்ப மாப்ள வூட்ல குந்திக்கினு இருக்கட்டும்" என்று மச்சான் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்று பிற்பகலே கரை நேரானது. மச்சான் கையில் நாடா துள்ளியது. இழை அறுந்ததெல்லாம் என் பக்கத்தில்.

"இன்னா மாப்ள, கை தூங்குதா?" என்று குனிந்து, அறுந்த முனையைத் தேடி எடுத்து என் விரலில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். முகத்தைப் பார்த்து வாங்க முடியவில்லை.