அஞ்சுக்கு மூணு

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை, எதிர் குவார்ட்டர்ஸ் ஆரோக்கியசாமி ஸ்கேன் கவரோடு வந்தார். மைன்ஸில் டெக்னீஷியன். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம். சிறுநீர் போவதில் சிரமம், ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்ற அளவு கூடுதல் — புரோஸ்டேட் சுரப்பியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"அஞ்சுக்கு மூணு சார். பாஸு. வூட்லயும் சொல்லிட்டேன்."

எண்ணைப் பார்த்தாலே நமக்குப் பரீட்சைதானே ஞாபகம் வருகிறது? ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒன்றிலிருந்து ஐந்து வரை போடும் இந்தக் கணக்கு தலைகீழ். எண் ஏற ஏற, புற்றுநோய் என்ற சந்தேகமும் ஏறும். மூன்று என்றால்... இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சொன்னேன். கவரை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டெல்லாகிட்ட எப்படிங்க மாத்திச் சொல்றது?"

மறுநாள் சொல்லிவிட்டார். அவர் மனைவி ஸ்டெல்லா அதிரவில்லையாம். "நீங்க பாஸுன்னு சொல்லிக்கினு இருந்தப்பவே மொகம் சரியில்ல. டாக்டரு என்னா பண்ணச் சொல்றாரு?"

டாக்டர் இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். இந்த முறை, படம் இன்னும் தெளிவாகத் தெரிய, கை நரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி. புதுச்சேரிக்கு மூன்று பேரும் போனோம்.

"அதே எம்.ஆர்.ஐ.தானே மேடம், எதுக்கு இன்னொரு வாட்டி?" என்று கேட்டார் ஆரோக்கியசாமி.

எடுத்து முடித்ததும் ஸ்கேன் டாக்டர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார். "முதல் படத்துல சுரப்பியோட அமைப்பும், திசுவுக்குள்ள தண்ணி எப்படி நகருதுங்கறதும் தெரியும். நிறைய பேருக்கு அதுவே போதும். உங்களுக்குச் சந்தேகமா இருந்துச்சு. இப்ப பாருங்க, இந்த ஓரத்துல மட்டும் மருந்து சீக்கிரமா ஏறுது."

மூன்று, நான்காகியிருந்தது.

"அப்ப கேன்சர்தானா?"

"அத படம் உறுதியா சொல்லாதுங்க. எந்த இடத்துல சதை எடுக்கணும்னு காட்டும். கேன்சரா, எவ்வளவு வீரியம், அதான் எந்த கிரேடுன்னு பயாப்ஸிதான் சொல்லும்."

அந்த ஓரத்திலிருந்தே எடுத்தார்கள். புற்றுநோய்தான். நடுத்தர கிரேடு, ஸ்கேனில் பார்த்தவரை சுரப்பியைத் தாண்டவில்லை. ரிப்போர்ட் வந்த கவரை ஆரோக்கியசாமி பிரிக்காமல் அப்படியே ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு கணவரின் கையைப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் சுரப்பியை எடுக்கும் ஆபரேஷன் முடிந்தது. இப்போது பிளாக்கைச் சுற்றி மெதுவாக நடக்கிறார். கூடவே ஸ்டெல்லா.

ஒன்று சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் படித்தாலும், அவர் பரிசோதனைக்குப் போனார். இவ்வளவு எழுதுகிற எனக்கு வயது ஐம்பத்தேழு — அந்த ரத்தப் பரிசோதனையை இன்னும் செய்துகொள்ளவில்லை.

திங்கட்கிழமை போகிறேன்.