தோரிக்காவின் குமிழ்

சுவா துறைமுகத்துக்குப் பின்னால் ஸ்டூடியோவில் வேலை பார்த்த பெனாயாவின் காதைப் பற்றி ஊரில் பல கதைகள். மூன்றாவது தெருவில் எறும்பு கொட்டாவி விட்டாலும் ரிக்கார்டிங்கை நிறுத்திவிடுவான் என்பார்கள். அது பொய். எறும்பு இரண்டாவது தெருவில்தான் இருந்தது.

வெளித்தீவுகளிலிருந்து பாட்டுக் குழுக்கள் கப்பலேறி வரும். உப்புக்காற்றில் கிடார் கம்பி துருவேறியிருக்கும். வழியெல்லாம் குடித்த யங்கோனா வேர்ச்சாற்றில் நாக்கு மரத்திருக்கும். பெனாயா ஒருவனைச் சுவரோரம் நிறுத்துவான், இன்னொருவனை மைக்கை விட்டு இரண்டடி தள்ளுவான், மெத்தை அடித்த கதவைச் சாத்துவான். கேசட் வெளிவந்ததும் பாடியவர்களே, "இது நாமதானாடா?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களிடம் இருந்ததைத்தான் அவன் வெளியே எடுத்திருப்பான். அதை எடுக்க அவனைப்போல் ஒருவன் வேண்டியிருந்தது.

உச்சக் குரலுக்கு ஆள் தேறாத குழுக்களுக்கு அவன் மனைவி தோரிக்கா பாடுவாள். முந்நூறு பாட்டாவது இருக்கும். மேசையில் குரலுக்கு ஒரு குமிழ், கூட்டலாம், குறைக்கலாம். தோரிக்காவின் குமிழை மட்டும் எப்போதும் ஒரு படி தாழ்த்தியே வைப்பான்.

"பொண்டாட்டி குரலைத் தூக்கி வச்சுட்டான்னு சொல்லுவாங்க."

"மீன்ல உப்பு குறைஞ்சா மட்டும் உனக்குத் தெரிஞ்சிடுது. நான் குறைஞ்சா தெரியாது, இல்ல?" என்று சிரிப்பாள்.

பாட்டு முடியும் இடத்தில் எல்லோரும் நிறுத்திய பிறகும் அவள் விடமாட்டாள். கப்பல் சங்குக்கே மூச்சு முட்டும், அவளுக்கு முட்டாது. அந்த இடத்தில் பெனாயா எல்லாக் குமிழ்களையும் மெல்லக் கீழே இழுத்துப் பாட்டை அடக்குவான். அப்படி முடிந்தால்தான் அழகு என்பது அவன் தொழில் பாடம்.

மார்ச்சில் காய்ச்சலென்று படுத்தவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

நூறு நாள் துக்கம் முடியும்வரை அவள் பிறந்த ஊரில் பாட்டுக் கூடாது. அறுபதாம் நாள் வாக்கில் அவள் தங்கை லைசானி வந்தாள். மாமியார் அனுப்பியிருந்தாள். மருமகனோடு மாமியார் நேரில் பேசும் வழக்கம் இல்லை. இருபத்தாறு வருடத்தில் அந்த அம்மாள் அவனிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

"மச்சான், நூறாம் நாள் அம்மாவுக்கு அக்கா குரலை மட்டும் தனியாக் கேக்கணுமாம். கூடப் பாடுற உன் ஆட்டு மந்தையெல்லாம் வரக்கூடாதாம்."

"இவ்வளவுதானா? ஒத்தை விரல் வேலை."

"விரல் சுளுக்கிக்காம பாத்துக்கோ."

அன்றே அலமாரியைத் திறந்தான். குரல்கள் தனித்தனியாகப் பதிவாகும் அகல டேப்புகள் மொத்தம் ஆறு. புதிய டேப் கப்பலில் வர மாதக்கணக்காகும் என்று, ஒவ்வொரு கேசட் முடிந்ததும் இருக்கும் டேப்பையே அழித்து அடுத்த குழுவுக்குப் போட்டவன் அவன். ஆறிலும் இப்போது யார் யாரோ பாடினார்கள். மிஞ்சியவை எல்லாக் குரலும் சேர்ந்த கேசட்டுகள். தேங்காய்ப்பாலில் கரைந்த சர்க்கரையை எப்படிப் பிரிப்பது?

கிடார் ஒலியை வெட்டினான். ஆண்குரல்களை அமுக்கினான். தெரிந்த வித்தையெல்லாம் செய்தும் தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ முனகினார்கள். அது தோரிக்கா இல்லை.

"வீட்ல ஒரு சின்ன கேசட்லகூடவா புடிச்சு வைக்கல?" என்றாள் லைசானி.

"வீட்லதான் ஆளே இருந்தாளே."

பிறகு பாட்டுகளின் முடிவுகளை மட்டும் கேட்டான். மற்றவர்கள் நிறுத்தியபின் அவள் தனியாக நிற்கும் இடம் ஒவ்வொரு பாட்டிலும் இருந்தது. அவள் தனியாகும் முன்பே அவன் கை வந்து அடக்கியிருந்தது. முந்நூறிலும் ஒரே ஒரு பாட்டில் அவன் கை தாமதித்திருந்தது. இரண்டு நொடி.

நூறாம் நாள் அவள் ஊரில் பாய் விரித்து, மண்ணுக்குள் புதைத்துச் சமைத்த அடுப்பைத் திறந்து எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். மாமியார் வழக்கம்போல் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பெனாயா டேப் ரிக்கார்டரை அழுத்தினான். தோரிக்கா வந்தாள், முழுதாக, பக்கத்தில் நிற்பதுபோல. உடனே தேய்ந்து போனாள்.

மாமியார் திரும்பினாள். நேராக அவனைப் பார்த்தாள்.

"அவ பாடிக்கிட்டுதானே இருந்தா? யாரு நிறுத்தினது?"



"நான்தாம்மா."

"திரும்பப் போடு," என்றாள்.

போட்டான். அதே இடத்தில் அவன் கை மறுபடியும் வந்தது.