கணக்குப் பாடத்துக்கு மட்டும் கேட்ட காது

அச்சுத்தாள் வராமல் நான் வேலை செய்த பத்திரிகை நின்றுபோனபோது, அச்சுவேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்தேன். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்காக அங்கே பின்னேரங்களிலும் வகுப்பு நடந்தது. சுவரில்லாத கிடுகுக் கொட்டிலில் பின்னேர ஆறாம் வகுப்புக்குச் சமூகக்கல்வி படிப்பித்தேன்.

முன்வரிசை வாங்கில் குருநகரிலிருந்து வந்த ஒரு பிள்ளை இருந்தாள். பிறவியிலேயே காது மந்தம். கழுத்தில் ஒரு சின்னத் துணிப்பை, அதற்குள் காதுக் கருவி, அதிலிருந்து வலது காதுக்கு ஒரு வயர். பள்ளியில் சேர்த்த அன்று தாய் பள்ளி அதிபரிடம் சொல்லியிருந்தாள்: "பற்றரி முடிஞ்சு கனகாலம், சேர். உது சும்மா தொங்குது. வாயைப் பார்த்து விளங்கிக்கொள்ளுவாள். முன்னுக்கு இருத்திவிடுங்கோ."

போரினால் குடாநாட்டுக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த காலம். யாரும் மேலே எதுவும் கேட்கவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது வகுப்புப் பிள்ளைகளின் பகிடியால். "உவளுக்குக் கணக்கு மட்டும்தான் கேக்கும், சேர்." விசாரித்துப் பார்த்தேன். கணக்குப் பாடத்தில் கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பதில் சொல்கிறாள். கணக்கு ரீச்சர் அதைத் தன் குரலுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தார். என் பாடத்திலோ நான் பலகைப் பக்கம் திரும்பினால் அவளுக்கு எதுவும் எட்டாது. ஒருநாள் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டு எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. மற்றவர்கள் பங்கர்க் குழிக்கு ஓடத் தொடங்கிய பிறகுதான் அவள் பேனையை வைத்தாள். அந்தச் சத்தத்துக்கு முன்னால் எவராலும் நடிக்க முடியாது.

பகிடி அதிபரின் காதுக்கும் போனது. அவர் கணக்குப் பாடத்தின்போது வந்து, அவளுக்குப் பின்னால் நின்று, மெதுவாகச் சொன்னார்: "இண்டைக்கு இடைவேளையோடை பள்ளிக்கூடம் விடும்."

முதலில் திரும்பியது அவள்தான். சிரித்துக்கொண்டு திரும்பினாள்.

"பார்த்தியளே, மாஸ்டர்?" என்றார் அதிபர், பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்த என்னிடம். "பற்றரி இல்லாமலே கேக்குது. முன் வாங்கு கேக்காத பிள்ளையளுக்கு. நடிக்கிறவைக்கில்லை."

அவளைக் கடைசி வாங்குக்கு அனுப்பினார். அங்கிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரியும், வாய் தெரியாது. கணக்கைத் தவிர மற்ற எல்லாப் பாடமும் அவளுக்கு இல்லாமல் போகும்.

அடுத்த நாள் கொட்டிலின் மரக்கப்பு ஒன்றில் சாய்ந்து நின்று கவனித்தேன். கணக்கு ரீச்சர் கொட்டிலுக்குள் கால் வைத்ததும் அவளுடைய பெருவிரல் துணிப்பைக்குள் போய் வந்தது. பாடம் முடிந்து மணி அடித்ததும் திரும்பவும் போய் வந்தது. பற்றரி இல்லாத கருவிக்கு அது தேவையில்லை.

பள்ளி விட்டபின் தாயை வேலியோரம் கண்டேன்.

"கருவியிலை பற்றரி இருக்கு, என்ன?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பிள்ளை போட்டு நிப்பாட்டுறதைக் கண்டனான்."

அவள் ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்தாள். "மாஸ்டர் முந்திப் பேப்பரிலை வேலை செய்தனீங்களாமே?"

"ஓம்."

"அதுதான் துருவித் துருவிக் கேக்கிறியள்."

"அதிபருக்கு உண்மையைச் சொன்னால் பிள்ளையை முன்னுக்கு விடுவார்."

"சொன்னால் நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும். கொண்டுவந்து தாறவனைப் பிடிச்சால் ஆர் பதில் சொல்லுறது?" குரலைத் தாழ்த்தினாள். "ஒரு பற்றரி எவ்வளவு காலத்துக்கு ஓடும்? கணக்கிலை இலக்கம் பிழைச்சால் எல்லாம் பிழை. அதுக்கு மட்டும் போடு எண்டு நான்தான் சொன்னனான். மற்றதை வாயைப் பார்த்துப் பிடிக்கட்டும்."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"பேப்பர்காரர் எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை" என்றுவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

சொன்னால் தாய்க்கு ஆபத்து. சொல்லாவிட்டால் பிள்ளைக்குப் படிப்பில்லை. மறுநாள் நேரத்தோடு போய், மரக்கால்களில் நிற்கும் கரும்பலகையைத் தூக்கிக் கொட்டிலின் மறு அந்தத்தில் வைத்தேன். வந்த பிள்ளைகளிடம் வாங்குகளைத் திருப்பிப் போடச் சொன்னேன். கடைசி வாங்கு முதல் வாங்கானது.

அதிபர் வந்தார். "பலகை ஏன் உங்காலை போனது?"

"மேற்கு வெயில் பிள்ளையளின்ரை கண்ணிலை அடிக்குது, சேர்."

அவர் வானத்தைப் பார்த்தார். மழைக்கு இருட்டிக்கொண்டிருந்தது. "உவள் எங்கை?"

"நீங்கள் சொன்ன அதே வாங்கிலைதான்."

என்னையும் வாங்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அதன்பிறகு என் பாடவேளைகளில் அவர் கொட்டிலைச் சுற்றி நடப்பது வழக்கமாகிவிட்டது.

எழுதும்போது பேசாமலும், பேசும்போது எழுதாமலும் இருக்கப் பழகினேன். பாடம் மெதுவாக நகர்ந்தது. ஒருநாள் அவள் கையை உயர்த்தினாள். பெரிய கேள்வி என்று நினைத்தேன்.

"சேர், உங்கடை மீசை வாயை மறைக்குது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்றிரவே மீசையை வழித்தேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அதிபர் என் முகத்தைப் பார்த்தபடி நெடுநேரம் தேநீர் குடித்தார். குடாநாட்டை விட்டு வெளியேறப் பாஸ் எடுக்க வேண்டியிருந்த நாட்கள் அவை. திடீரென்று முகத்தை மாற்றியவன் புறப்பட ஆயத்தமாகிறான் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

"பாஸ் கிடைச்சிட்டுதோ, மாஸ்டர்?"

"இல்லை, சேர். நான் எங்கையும் போகேல்லை."

அவர் நம்பவில்லை. மற்றவர்களும் நம்பவில்லை. மணி அடித்தது. ஆறாம் வகுப்பில் முன் வாங்கிலிருந்த பிள்ளை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடத்தைத் தொடங்கினேன்.