மூன்றாம் ஓலைக்கு எழுந்து நின்றவர்

செங்கல்பட்டில் ரயிலடிக்குப் போகும் ரோட்டில் தையல் கடை வைத்திருந்த மாசிலாமணியைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவர் தைத்த சட்டை லேசில் கிழியாது. லேசில் கைக்கும் வராது. போய்க் கேட்டால், பொத்தானுக்குக் காஜா மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வா என்பார். தீபாவளிக்குத் துணி கொடுத்தவர்கள் பொங்கலுக்குப் போட்டுக்கொண்டு திருப்திப்பட்டார்கள். ஆண்டவரிடமும் அவர் இதே மாதிரிதான் நடந்துகொண்டார் என்பது அவர் மனைவி வசந்தாவுக்கு மட்டும் தெரியும்.

அவருக்கு ஒரே தம்பி, பாக்கியநாதன். இருவரும் பேசி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஒரு பூசணிக்காய். சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் நடக்கும். தம்பி தன் வீட்டுக் கொடியில் காய்த்த பூசணிக்காயை வைத்தார். தன் காயைத் தானே ஏலத்தில் எடுக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. மாசிலாமணியோ சும்மா விளையாட்டுக்குக் கேட்க ஆரம்பித்தார். பிறகு விடமுடியவில்லை. சபையார் கைதட்டக் கைதட்ட இருவருக்கும் காது சிவந்தது. கடைசியில் அண்ணன் ஜெயித்து, காயைத் தோளில் தூக்கிக்கொண்டு தம்பிக்கு முன்னால் நடந்தார். அந்த வருஷமே தம்பி, மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் சமையல் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்.

எழுபத்து நாலாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதகர் ஓலை வாசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாப்பிள்ளை, பெண் பெயர்களைச் சபையில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பது வழக்கம். மாப்பிள்ளை செங்கல்பட்டுப் பையன், ஜெசிந்தா அம்மாளின் மகன். பெண், மாமல்லபுரம் பாக்கியநாதனின் மகள் கிருபாவதி. தம்பி மகள் கல்யாணம் பெரியப்பாவுக்கு ஓலையில்தான் தெரிந்தது.

அடுத்து எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் செய்தபோது மாசிலாமணிக்கு உள்ளே ஏதோ குத்தியது. சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஊசி விரலில் ஏறுவதுபோல் சின்னதாக, ஆனால் சந்தேகமே இல்லாமல். தம்பி வீட்டுக்குப் போ. அவர் அதை வாயு என்று முடிவு செய்தார். முந்தின நாள் வீட்டில் மொச்சைக்கொட்டைக் குழம்பு. வீட்டுக்கு வந்ததும் ஓமத்தண்ணீர் குடித்தார். வாயு போனது, குத்தல் போகவில்லை.

விஷயத்தைக் கறந்தெடுத்த வசந்தா, போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் என்ன என்றாள். அன்று இரவு அவர் முழங்காலில் நின்று, கட்டாயம் போகிறேன் ஆண்டவரே, இந்த வாரம் வேலை ஜாஸ்தி, அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

“ஏன்யா, அவராண்டயும் காஜா பாக்கின்னு சொல்லினுகீறியா?” என்றாள்.

இரண்டாம் ஓலை வாசித்தபோது குத்தல் கடப்பாரை அளவுக்கு ஆனது. மாசிலாமணி அடையாளம் கேட்டார். மெய்யாகவே இது தேவசித்தம் என்றால் மாமல்லபுரம் பஸ் என் கடை வாசலில் நிற்கட்டும். அங்கே எந்தப் பஸ்ஸும் நிற்காது என்பது தெரிந்துதான் கேட்டார்.

புதன்கிழமை அது நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி பறக்க, சரியாகக் கடை வாசலில். டிரைவர் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் கண்டக்டர் உள்ளே வந்து, வார் அறுந்த பையை நீட்டித் தைத்துத் தரச் சொன்னார். வாங்கி மாட்டிக்கொண்டு, “உள்ள எடம் கீது நைனா. வரியா?” என்று சும்மா கேட்டார்.

மாசிலாமணிக்கு உடம்பு புல்லரித்தது. அப்புறம் யோசித்தார். பஸ் தானாக நின்றால்தான் அடையாளம், ரிப்பேரில் நின்றது சேராது. இதை ஆண்டவருக்கும் விளக்கிச் சொல்லிவிட்டு மிஷினை மிதித்தார்.

மூன்றாம் ஞாயிறு கோயிலுக்கே போவதில்லை என்று இருந்தார். ஆனால் போதகரின் புது அங்கி அவரிடம் இருந்தது. போகாமல் தீராது. அங்கியைக் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஓலை வாசிப்பது எப்போதும் இரண்டாம் பாட்டுக்குப் பிறகு. முதல் பாட்டு முடிந்ததும் நழுவிவிடுவது என்று திட்டம்.

புது அங்கியின் சந்தோஷத்திலோ என்னவோ, போதகர் அன்று இரண்டாம் பாட்டை விட்டுவிட்டார். மாசிலாமணி குனிந்து செருப்பைத் தேடி எடுத்து எழுந்தபோது, ஆட்சேபணை உண்டா என்ற கேள்வி முடிந்து சபை நிசப்தமாக இருந்தது. அத்தனை பேரில் நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். கையில் செருப்பு வேறு.

“மாசிலாமணி, என்ன ஆட்சேபணை? சொல்லுங்க” என்றார் போதகர்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். “பொண்ணு என் தம்பி பொண்ணுங்கய்யா...” என்று ஆரம்பித்து, மேலே வார்த்தை வராமல் உட்கார்ந்துவிட்டார். முழுசாகச் சொன்ன பொய்கூட அத்தனை கெடுதல் செய்திருக்காது. அந்தப் பாதி வாக்கியத்தைச் சபையார் ஆளுக்கொரு விதமாக முடித்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் ஜெசிந்தா அம்மாள் அவரை மடக்கினாள்.

“சொந்தப் பெரியப்பனே எழுந்து நிக்கிறான்னா இன்னாவோ கீது. அண்ணனும் தம்பியும் ஒண்ணா என் வூட்டுக்கு வந்து ஒண்ணுமில்லன்னு சொல்லணும். இல்லாங்காட்டி இந்தக் கல்யாணம் வேணாம்.”

போதகரும் மூன்றாம் ஓலையை அடுத்த ஞாயிறு மறுபடி வாசிப்பதாகச் சொல்லிவிட்டார். மாசிலாமணி வேப்பமரத்தடியில் நின்று மேலே பார்த்தார். “சரி ஆண்டவரே. போறேன். இன்னிக்கே போறேன்” என்றார். மரத்தில் இருந்த காக்கை பறந்துபோகிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். அந்த நிமிஷமே இரண்டு வாரக் குத்தல் நின்றுபோனது. தம்பி முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் மட்டும் மிச்சம்.

பஸ்ஸில் மன்னிப்புக்கு அழகான வாக்கியங்கள் தயார் செய்தார். மாமல்லபுரத்தில் இறங்கினால், சேதி முந்தின பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கிருபாவதி அழுது வீங்கிய முகத்தோடு கதவைத் திறந்தாள். பின்னாலேயே தம்பி கரண்டியோடு வந்தார்.

“கல்யாணத்த நிறுத்திட்டு நேரா துன்ன வந்துட்டியா?”

தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. “நிறுத்த எழுந்துக்கல தம்பி. ஓடிப் போறதுக்கு எழுந்தேன்.”

“எங்க?”

“எங்கியாவது. உன்னாண்ட போ போன்னு ஆண்டவரு சொல்லினே இருந்தாரு. எனுக்கு முடியல.”

தம்பி கரண்டியை இறக்கினார். “எனுக்கும் அதே ரோதனதான்ண்ணே. பத்திரிக வெக்கறதுக்கு ரெண்டு வாட்டி கெளம்பினேன். திருக்கழுக்குன்றத்துல எறங்கி போண்டா துன்னுட்டுத் திரும்பிட்டேன்” என்றார்.

கிருபாவதி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். மாசிலாமணி சிரிக்கவில்லை. “அந்தப் பூசணிக்கா மேல எனுக்கு ஒண்ணும் ஆசையில்ல தம்பி. உன்னாண்ட தோக்கப் புடிக்கல, அவ்ளோதான். மன்னிச்சுடு” என்றார். தம்பி உள்ளே போய் ஒரு தட்டு நிறையச் சோறும் மீன் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் வைத்தார்.

சாயங்காலமே இருவரும் செங்கல்பட்டு போய் ஜெசிந்தா அம்மாள் வீட்டில் நின்றார்கள். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெண்மேல் குறை இல்லை, குறையெல்லாம் எங்கள் இரண்டு பேரிடம்தான் என்றார் மாசிலாமணி. அது பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லி அவள் காப்பி கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலையை மறுபடி வாசித்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று கேட்டுவிட்டுப் போதகர் கடைசி பெஞ்சைப் பார்த்தார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாசிலாமணி எங்கும் போவதாக இல்லை, ஆடாமல் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் பக்கத்தில் இருந்த தம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று, அண்ணன் சட்டையின் பின்புறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.