முழங்கை வச்ச இடம்

ஷெட்டுல எல்லாரும் அவங்களை பளபளாக்கான்னுதான் கூப்பிடுவாங்க. இருபது வருஷமா கார் கழுவி, பாலீஷ் போட்டு, கீறல் எடுக்கிற வேலை. "நான் சும்மாதான் நின்னேன், சுவருதான்க்கா வந்து இடிச்சுது"ன்னு யாராவது தலையைச் சொறிஞ்சா, "சுவருகிட்ட லைசென்ஸ் இருந்துச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே சுவடு தெரியாம ஆக்கிடுவாங்க. அடுத்தவங்க கீறலை அழிக்க ஒரு நாளும் கை தயங்கினதில்ல.

அன்னைக்கு வந்து நின்னது சொந்த வண்டி.

வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷம் டாக்ஸியா ஓட்டின மெரூன் கலர் கார். கண்ணு மங்கிடுச்சு, இனிமே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வாங்கப் போறது ஒரு டீச்சர். "எல்லாம் பிடிச்சிருக்குக்கா. டிரைவர் கதவுல ஒரு இடம் வெளுத்திருக்கே, அது மட்டும் போயிட்டா எடுத்துக்கறேன்"னு சொல்லியிருந்தாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு வர்றாங்க.

ஜன்னலுக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல். அவர் முழங்கை வச்சு வச்சுத் தேஞ்ச இடம். கல்யாணமான புதுசுல பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு, "கையை உள்ள எடுங்க, பஸ்காரன் கொண்டுபோயிடுவான்"னு அக்கா திட்டுவாங்க. "கை காத்து வாங்குது, உனக்கென்ன"ம்பார். மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு மட்டும்தான் ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருந்துச்சு.

காலையில அவரே சொல்லித்தான் அனுப்பினார். "நல்லா தேச்சு எடுத்துடு. பளபளா வீட்டு வண்டியே மங்கலா போச்சுன்னு பேர் வேணாம்."

அக்கா ஷாம்பு போட்டு அலசி, ஈரம் துடைச்சு, பானட்டுல ஆரம்பிச்சு வட்டம் வட்டமா பாலீஷ் தேச்சாங்க. பழைய பெயிண்ட், வெள்ளைத் துணியெல்லாம் மெரூனாச்சு. கூரை, டிக்கி, மூணு கதவு முடிஞ்சுது. நாலாவது கதவுகிட்ட வந்ததும், டயர் அழுக்கா இருக்கேன்னு போயிட்டாங்க. அதே டயரை மூணு தடவை கழுவினாங்க. மணி நாலாச்சு.

டீச்சர் சுத்தி வந்து பார்த்துட்டு அந்தக் கதவுகிட்ட நின்னாங்க. "இது போகலையாக்கா?"

இதுக்கு மேல தேச்சா பெயிண்ட் போயிடும்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு வாய் வரல.

"போகும் டீச்சர். பத்து நிமிஷ வேலை. எனக்குத்தான் கை வரல. அவர் முழங்கை வச்ச இடம். நீங்க வேணும்னு சொன்னா இப்பவே எடுத்துடறேன்." துணியைக் கையில எடுத்துட்டாங்க.

டீச்சர் உள்ள ஏறி, பெடல் காலுக்கு எட்டணும்னு சீட்டை முன்னால இழுத்து, கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வச்சுப் பார்த்தாங்க. அது மங்கல்ல விழல. நாலு விரக்கடை முன்னால, பளபளன்னு இருந்த இடத்துல விழுந்துச்சு.

"நான் இங்க தேய்ப்பேன் போல"ன்னு சிரிச்சாங்க. "அது இருக்கட்டும்க்கா."

வண்டி தெருமுனை திரும்புற வரைக்கும் அந்த முழங்கை வெளியதான் இருந்துச்சு.

வீட்டுல அவர் நாற்காலியோட கைப்பிடியில முழங்கையை ஊனிக்கிட்டு உக்காந்திருந்தார். "தேச்சுட்டியா?"

"இல்ல."

"டீச்சர் ஒண்ணும் சொல்லலையா?"

"கை வச்சுப் பார்த்தாங்க. உங்களைவிடக் குள்ளம். முன்னால விழுது."

"அப்ப ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு"ன்னார்.