சைஸ் அக்காவும் சிட்டுவின் இடது காலும்

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு யார் உள்ளே வந்தாலும் சைஸ் அக்காவின் கண் முதலில் தரைக்குத்தான் போகும். வந்தவர் மூன்றடி வைப்பதற்குள் சரக்கு அறைப் பக்கம் திரும்பி, "ஏழு, அகலம்! இடது கால் கொஞ்சம் பெருசு!" என்று குரல் கொடுத்துவிடுவார். வந்தவர் திடுக்கிட்டு, "இல்லைங்க, நான் எட்டுதான் போடுவேன்" என்பார். "போடுறீங்க, அதான் குதிகால் இப்படித் தேஞ்சு கெடக்கு. உக்காருங்க" என்பார் அக்கா. ஆள் உட்கார்ந்துவிடுவார். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் அந்தச் செருப்புக் கடையில் இதுவரை கிடையாது.

அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. அதில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் காலடியில் கழிந்திருக்கிறது. குள்ளமான உருவம், காய்த்துப்போன முழங்கால், கட்டை விரலால் ஷூ நுனியை ஓர் அழுத்து அழுத்தினால் போதும், உள்ளே விரல்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்லிவிடுவார். முதலாளியின் தம்பி பத்து வருடம் கழித்துத் தாடியும் தொப்பையுமாக வந்து நின்றபோது கடையில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. "சின்ன முதலாளிக்கு நாற்காலி போடுங்கப்பா, சுண்டுவிரலைப் பார்த்தாத் தெரியல?" என்றவர் அக்காதான். அவருடைய உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

குழந்தை இல்லாமல் பதினான்கு வருடம் ஓடிய பிறகு, அவரும் பள்ளி வேன் ஓட்டும் அவர் கணவரும் வெளிநாட்டுக் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குத் தத்துக் கேட்டு எழுதிப் போட்டார்கள். வந்த படிவத்தில் ஒரு பக்கம் முழுக்க நோய்களின் பட்டியல். எது இருந்தால் ஏற்றுக்கொள்வீர்கள், டிக் போடவும். வேன்காரர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "என்னம்மா இது, காய்கறியா பொறுக்குறோம்?" என்றார். அக்கா பட்டியலில் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். பிறவியிலேயே உள்பக்கமாகத் திரும்பிய பாதம். "கால்தானே? காலை நான் பார்த்துக்கறேன்." சொன்னபோது கொஞ்சம் திமிர் இருந்தது என்பதை அவரே இப்போது ஒப்புக்கொள்கிறார்.

மூன்று வருடம் அலுவலகம் அலுவலகமாக நாயாய் அலைந்தார்கள். மாடி வீட்டு அம்மாள் ஒருநாள் படிக்கட்டில் மறித்து, "எடுக்குறதுதான் எடுக்குறீங்க, நல்ல காலுள்ள குழந்தையாப் பார்த்து எடுக்கக் கூடாதா?" என்றார். "நீங்க பொறுக்கியா பெத்தீங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா நடையைக் கட்டினார்.

தப்பு நடந்தது முதல் நாளில்தான். இரண்டு விமானம் மாறி, மொழி புரியாத ஊரில், இல்லத்தின் வரவேற்பறையில் இரண்டே முக்கால் வயசுப் பெண் ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வெறுங்கால். ஆயிரம் முறை ஒத்திகை பார்த்திருந்த சிரிப்பு, வாங்கிப் போன பொம்மை எல்லாம் அக்காவுக்கு மறந்துபோயின. உள்ளே நுழைந்தார், கடையில் செய்வதுபோல் நேரே மண்டியிட்டார், குழந்தையின் இடது பாதத்தைக் கையில் எடுத்தார். அதுவரை அந்தக் காலைப் பிடித்தவர்கள் எல்லோரும் முறுக்கி மாவுக்கட்டுப் போட்டவர்கள். குழந்தை வீறிட்ட வீறலில் அடுத்த அறைக் கதவுகள் திறந்தன. வேன்காரர் ஓடிவந்து தூக்கிக்கொண்டார். அன்றைக்கு அவர் தோளில் ஒட்டிக்கொண்டதுதான். ஊர் வந்து சேரும்வரை அக்கா பக்கம் அது திரும்பவே இல்லை.

குழந்தைக்குச் சிட்டு என்று பெயர் விழுந்தது. அது கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் "வேணாம்". இரண்டாவது "அப்பா". மூன்றாவது "அக்கா", ஏனென்றால் கடையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அம்மாவை அக்கா என்று கூப்பிடும் பெண்ணைப் பார்த்து வாடிக்கையாளர்கள் குழம்புவார்கள். "பேசுதே, அது போதாதா?" என்பார் அக்கா. சிட்டு அவர் கையால் சாப்பிடும், அவரிடம் தலை வாரிக்கொள்ளும், அவர் மூக்கைக்கூடப் பிடித்துத் திருகும். கால் பக்கம் கை போனால் மட்டும் வீடு இரண்டாகிவிடும்.

இங்கே வந்து மறுபடி மாவுக்கட்டுப் போட்டுப் பாதங்களை நேராக்கினார்கள். இனி தூங்கும் நேரமெல்லாம் ஒரு கம்பியின் இரு நுனியிலும் பூட்டிய குட்டி ஷூக்களில் கால்கள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பழையபடி திரும்பிவிடும் என்றார் எலும்பு டாக்டர். அதை மாட்டுவது அப்பாவின் வேலை ஆயிற்று. அந்த நேரத்தில் அக்கா சமையலறைக்குப் போய்ச் சாத்திக்கொள்வார். "ஊர்ல உள்ள காலெல்லாம் என் மடியில. எம் பொண்ணு காலை மட்டும் எட்ட நின்னு பாக்குறேன்" என்று ஒருநாள் சரக்கு அறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து குமுறி அழுதார். வெளியே வந்து அடுத்த ஆளுக்கு அளவு எடுத்தார்.

கம்பி ஷூ மாட்டத் தொடங்கிய ஏழாம் மாதப் பரிசோதனையில், வேன்காரர் தன் மடியில் இருந்த சிட்டுவின் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் சிவந்த தடம். டாக்டர் வாயைத் திறக்குமுன், "இது தளர்ச்சியாப் போட்ட புண்ணு" என்றார் அக்கா.

"சரியாச் சொல்லிட்டீங்க. குதிகால் மேல ஏறி நழுவுது. இடது கால் மறுபடி உள்ளே இழுக்க ஆரம்பிச்சிருக்கு. ஒரு மாசம் பாக்கலாம். நிக்கலைன்னா முதல்லேர்ந்து மாவுக்கட்டு. அதுக்கும் கேக்கலைன்னா கத்தி வெக்கணும்."

ஆஸ்பத்திரி நடையில் வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அழுறாம்மா. ஒரு ஓட்டை விட்டுத்தான் வார் மாட்டுவேன். சிவந்திருக்கேன்னு இன்னொரு ஓட்டை விட்டேன்."

"இறுக்குனா கடிக்காதுங்க, நழுவுனாத்தான் கடிக்கும். இருபத்திரண்டு வருஷமா தொண்டை கிழியச் சொல்றேன், ஊர் கேக்குது, வீட்டுல நீங்க கேக்கல!" என்று சீறினார் அக்கா. அடுத்த நிமிடமே கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். பாசக்காரப் பாவி, அவரை என்ன செய்வது?

அந்த ஞாயிறு மத்தியானம், சிட்டு தூங்கப்போகும் நேரம், அக்கா பாய் விரித்து உட்கார்ந்து தன் காலுறைகளைக் கழற்றினார். அவர் காலை யாருக்கும் காட்டுவதில்லை. கட்டை விரல்மேல் அடுத்த விரல் ஏறிக்கிடக்கும், சுண்டுவிரலில் ஆணி. "பாரு, அக்கா காலு. கண்ணராவியா இருக்கில்ல?" என்று தன் வார்ச் செருப்பையும் எடுத்துக் கொடுத்தார். சிட்டுவுக்கு ஆவல் தாங்கவில்லை. அக்காவின் காலில் செருப்பைத் திணித்தது, வாரைப் பிடித்துத் தம் கட்டி இழுத்தது. ஆணியில் பட்டதும் அக்காவுக்கு உயிர் போயிற்று. "ஐயோ, வேணாம்!"

சிட்டு சுட்டதுபோல் கையை எடுத்துவிட்டது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அடுத்து என்ன என்று அவரையே பார்த்துக் காத்திருந்தது.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. இந்தக் குழந்தை ஒரு நாளைக்கு நூறு தரம் அந்தச் சொல்லைச் சொல்கிறது. அதைக் கேட்டு ஒருவராவது கையை எடுத்தோமா? "ஆச்சு ஆச்சு, முடிஞ்சுதுடா தங்கம்" என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் இழுத்து மாட்டினோமே! அந்த இல்லத்திலும் அப்படி, இங்கேயும் அப்படி. பாயில் உட்கார்ந்தபடியே அவருக்கு வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து புது ஏற்பாடு. அக்கா காலைத் தொடுவார். "வேணாம்" என்றால் கை பறந்துவிடும். திரும்பச் சிட்டு தலையாட்டினால்தான் தொடுவார். முதல் நாள் முக்கால் மணி நேரம் போராடியும் ஷூ ஏறவில்லை. கடைசியில் அப்பாதான் மாட்டினார், வாசற்படியில் நின்று "மூணாவது ஓட்டை! மூணாவது!" என்று அக்கா கத்தக் கத்த. ஐந்தாம் நாள் வலது கால் ஏறியது. கை பறப்பதைப் பார்ப்பதற்காகவே சிட்டு "வேணாம்" சொல்லி விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தது. "நல்லா இருக்கும்மா உங்க வியாபாரம். இந்த வேகத்துல கடை நடத்துனா முதலாளி சாமியாராப் போயிடுவாரு" என்றார் வேன்காரர். இடது கால் மட்டும் இரண்டாவது ஓட்டையைத் தாண்டி அக்காவுக்குப் பிடி கொடுக்கவில்லை. அந்த ஓர் ஓட்டையைத் தினமும் அப்பாதான் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிட்டு அழ அழ மாட்டிவிட்டுப் போனார்.

மாதம் முடிந்தது. மறுநாள் டாக்டரிடம் போகவேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா பாயில் உட்கார்ந்தார். வலது கால் ஏறியது. இடது குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, ஷூவுக்குள் இறக்கி, வாரை மூன்றாவது ஓட்டைக்குக் கொண்டுபோனார். சிட்டுவின் கீழுதடு பிதுங்கியது. "வேணாம்." இந்த முறை விளையாட்டு இல்லை, கண்ணில் நீர் நின்றது.

அக்கா கையை எடுத்தார். வார் நழுவித் தொங்கியது. வாசற்படியிலிருந்து வேன்காரர் ஓர் அடி எடுத்து வைத்தார். வராதீங்க என்று அக்கா கண்ணாலேயே நிறுத்தினார். எங்கே தன்னை மீறிக் கை போய்விடுமோ என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நாளைக்கு அந்த டாக்டர் என்ன சொல்வார்? கத்தி என்பாரா?

சிட்டு தொங்குகிற வாரைப் பார்த்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டது. பிறகு குனிந்து, அவர் தொடைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, அவருடைய வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்து வெளியே எடுத்து, தன் இடது குதிகால்மேல் வைத்து அழுத்திக்கொண்டது.