அண்ணி சொன்ன சர்க்ளிப்

"காலை வைக்காதீங்க!"

மாடியில் ஓர் அறை காலி என்று கேள்விப்பட்டு வீடு பார்க்கப் போயிருந்தேன். வாசல்படி தாண்டத் தூக்கிய வலது கால் அப்படியே அந்தரத்தில் நின்றது. முன்னறையின் நடுவில் ஒருவர் குந்தியிருந்தார். முழங்கை வரை கருப்பு. அவரைச் சுற்றித் தரை முழுக்க இரும்புச் சாமான்.

"அப்படியே இடப்பக்கம் வாங்க. மயில் மேல வைங்க. ரோஜாப்பூ மேல வெச்சிடாதீங்க, அங்க வால்வு இருக்கு."

குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தத் தரையில் ஒரு கல்லைப் போல் இன்னொரு கல் இல்லை. அவர் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்பவர். வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி வந்து தன் முன்னறையை நிரப்பியிருந்தார். எவர் வீட்டுக் குளியலறை மீனோ, எவர் வீட்டுச் சமையலறைத் திராட்சைக் கொத்தோ எல்லாம் அங்கே பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்தன. மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பிரித்தபோது அதுவே தோதாகிவிட்டது. ஒரு கல்லுக்கு ஒரு சாமான். திராட்சையில் கார்புரேட்டர், மீனில் செயின், சங்கில் நட்டும் வாஷரும்.

"வந்தவரை ஒத்தக்கால்ல நிக்க வெச்சுட்டு ராஜா மாதிரி உக்காந்திருக்காரு பாருங்க" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "உள்ள வாங்க தம்பி. வண்டியைப் பிரிச்ச நாள்லேர்ந்து நானும் இந்த வீட்ல நொண்டியடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்படித்தான் அண்ணனும் அண்ணியும் எனக்கு அறிமுகமானார்கள். என்ன படிப்பு என்று அண்ணன் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு நெஞ்சு ஓர் அங்குலம் விரியும். "டிகிரி முடிச்சிருக்கேன்" என்றேன்.

"எஞ்சினியரா?" என்றவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பி.காம்."

மறுபடி ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் அறையைக் கொடுத்தார். பிறகொரு நாள் காரணத்தையும் சொன்னார். "எத்தனையோ பேர் கேட்டு வந்தாங்க தம்பி. உங்க முகத்தைப் பாத்ததும்தான் மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு." அதைப் பாராட்டு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அவரைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகு கண்ணாடியின் முன் போய் நின்று பார்த்தேன்.

அவருடைய பொறாமை அப்படிப்பட்டது. காய்கறிக்காரர் எடையில் ஏமாற்றாத மனிதர் என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னார். மறுநாளிலிருந்து வேறு கடை. வானொலியில் செய்தி வாசிப்பவருக்குக் கணீரென்ற குரல் என்றார். அதற்குப் பின் அந்த வானொலிக்கு வந்த கோளாறு சரியாகவே இல்லை. வேலையில் மட்டும் தங்கம். அவர் ஒட்டிய தரையில் தண்ணீரைக் கொட்டினால் எங்கே போகச் சொன்னாரோ அங்கே போகும். மனம்தான் சொன்ன பக்கம் ஓடாது.

வண்டியைக் கெடுத்தது அண்ணியின் தம்பி. ஓர் அவசரம் என்று வாங்கிப் போனவன், எண்ணெய் ஒழுகுவதைப் பார்க்காமல் நெடுந்தூரம் விரட்டிவிட்டான். சூட்டில் பிஸ்டன் பிளாக்குக்குள் கவ்விக்கொண்டு எஞ்சின் நின்றுபோனது. டைல்ஸ் வெட்டும் மெஷினையும் மட்டப்பலகையையும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போக அண்ணனுக்கு அந்த வண்டி ஒன்றுதான். இப்போது எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். நடத்துனர்கள் அவரைக் கண்டாலே விசில் ஊதினார்கள். தூரத்து வேலைகள் வேறு ஆட்களுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"மெக்கானிக்கிட்ட விட்டா என்ன அண்ணே?"

"எவனா இருந்தாலும் கடைசியில பிளாக்கைப் போர் போட லேத் பட்டறைக்குத்தான் தம்பி போவான். இந்தப் பக்கம் லேத் இருக்கறது ஒருத்தன்கிட்ட."

எங்கள் பக்கம் போர் போட்டால் தண்ணீர் வரும். எஞ்சினுக்குப் போர் என்றால் கீறல் விழுந்த பிளாக்கின் உள்சுவரை மெல்லக் கடைந்து வழவழப்பாக்குவது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"சரி, அவர்கிட்டயே போங்க."

அவர் எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்க அண்ணியைப் பொண்ணு கேட்டவன் அவன்."

கதை அவ்வளவுதான். அண்ணியின் பெற்றோர் அந்தப் பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருந்தவர்கள். பட்டறை வீட்டிலிருந்து பெண் கேட்டார்கள். எண்ணெய்க் கை வேண்டாம் என்று சொன்ன மாமனார், கொஞ்ச நாளில் சிமெண்ட் கையில் பிடித்துக் கொடுத்தார். அன்று முதல் இவர் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. எதிரியின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. பார்க்காத முகத்தின் மேல் பொறாமைப்படுவதில் ஒரு வசதி. அதற்கு நாளுக்கு நாள் அழகைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

ஆகவே சொந்தக் கையாலேயே எல்லாவற்றையும் செய்வது என்று உட்கார்ந்துவிட்டார். குரு, கைபேசியில் வரும் ஒரு வீடியோக்காரன். "பாஷை புரியல. ஆனா அவன் கை பேசுது தம்பி." கல் தட்டும் ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கவ்விய பிளாக்கை ஒரு வழியாக உருவி எடுத்தார். உள்ளே நகம் பட்டாலே தெரிகிற ஆழத்தில் கோடுகள். அடுத்து பிஸ்டனைக் கழற்ற வேண்டும். அதைத் தாங்கும் 'பின்' என்கிற சிறு இரும்புத் தண்டு நழுவாமலிருக்க இரண்டு பக்கமும் நகக்கீற்று போன்ற கம்பி வளையம் ஒன்று இருக்கிறது. அதை நெம்ப ஸ்குரூடிரைவரை வைத்தார். நான் மயில் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்காமல் சொன்னார்: "கீழ வாயில துணியை அடைச்சுக்கிட்டு எடுங்க. சர்க்ளிப் தெறிச்சு உள்ள விழுந்துச்சுன்னா மொத்த எஞ்சினையும் பிரிக்கணும்."

ஸ்குரூடிரைவர் நின்றது.

"என்ன சொன்னே?"

"துணி அடைங்கன்னேன்."

"அது இல்ல. அதுக்கப்புறம்."

"சர்க்ளிப்."

வீடியோவில் அந்தச் சொல் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. இவர் அதைப் பிடித்ததேயில்லை. 'வளையம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பட்டறை எங்க ஜன்னலுக்குக் கீழ இருந்துச்சு. 'டேய் சர்க்ளிப்பை எடுடா, ரிங்கை எடுடா'ன்னு காலையிலேர்ந்து கத்துவாரு. காதைப் பொத்திக்கிட்டா வளர முடியும்?"

"கத்துவா'ரு'."

"பின்ன? கத்துவான்னு சொல்லணுமா?"

"மரியாதை குறைஞ்சிடப் போகுதே, பாத்து."

அன்றோடு வேலை நின்றது. பிஸ்டன் கழன்றும் கழலாமலும் பழந்துணியைத் தின்றபடி நின்றது. அவர் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார். பேச்சு மட்டும் என் வழியாகத்தான். "தம்பி, சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு சொல்லுங்க." "தம்பி, உப்பு பட்டறையிலேர்ந்து வரணும்னு சொல்லுங்க" என்பார் அண்ணி. நடுவில் நான் உட்கார்ந்து ஓசிச் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலை வந்தது. வண்டியிருந்தால்தான் எடுக்க முடியும். அன்று சாயங்காலம் மாடியேறி வந்தார். துண்டில் சுற்றிய பிளாக்கை என் கட்டில்மேல் வைத்தார்.

"உங்க வண்டின்னு சொல்லிக் கொடுத்துட்டு வாங்க. என் பேரு வாயிலேயே வரக்கூடாது."

போனேன். வரமாட்டேன் என்ற அண்ணன், எதிரே நிறுத்தியிருந்த லாரிக்குப் பின்னால் மறைந்து நின்றார். பட்டறைக்குள் வட்டமான தொப்பையும் மின்னுகிற வழுக்கையுமாக ஒருவர் லேத்தில் ஏதோ கடைந்துகொண்டிருந்தார். பிளாக்கை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"எண்ணெய் இல்லாம ஓட்டியிருக்கீங்க. படிச்சவரு மாதிரி இருக்கீங்களே."

"டிகிரி முடிச்சிருக்கேன்" என்றேன், அண்ணியின் தம்பி செய்த பாவத்தையெல்லாம் என் பட்டத்தின்மேல் ஏற்றிக்கொண்டு.

"அப்ப சரிதான்." விரலால் விளிம்பைத் தடவினார். "பிரிச்சது நீங்க இல்லையே? நகம் வெள்ளையா இருக்கு. வெளியில ஒரு சிராய்ப்பு இல்ல. யாரோ பொறுமைசாலி கை. நம்ம பசங்களே இப்படி எடுக்கமாட்டானுங்க."

இந்தப் பாராட்டு லாரிக்குப் பின்னால் கேட்டுவிட்டது. அடுத்த நொடி அண்ணன் பட்டறைக்குள் நின்றார்.

"நான்தான் பிரிச்சேன்."

"அப்படியா? நல்ல கைங்க."

அண்ணன் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை, கல்லுக்கு மட்டம் பார்ப்பதுபோல் பார்த்தார். வழுக்கையில் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. முகம் தெளிந்தது. அத்தோடு திரும்பியிருக்கலாம்.

"என்னைத் தெரியலையா?"

"தெரியலையேங்க."

"மாடியில குடியிருந்தாங்களே ஒரு சார். அவரு மாப்பிள்ளை."

"ஓ, சார் வீடா! நல்ல மனுஷன். ரெண்டு பொண்ணுங்க இல்ல? கண்ணாடி போட்டுக்கிட்டு வெடுக்கு வெடுக்குன்னு பேசுமே, அந்தப் பொண்ணு வீட்டுக்காரரா?"

"அது அவ அக்கா. நான் சின்னவளைக் கட்டினவன்."

லேத்துக்காரர் உத்தரத்தைப் பார்த்து யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "சின்னது... ஞாபகத்துக்கு வரலீங்க."

"பொண்ணு கேட்டீங்களே!"

"நானா?" கடகடவென்று சிரித்தார். "எங்கம்மா கேட்டிருக்கும். அந்த வருஷம் பொண்ணு இருக்கற வீடு ஒண்ணு விடலை. எங்க போச்சு, யாரைக் கேட்டுச்சுன்னு எனக்கே தெரியாது. நாளான்னைக்கு வந்து பிளாக்கை வாங்கிக்குங்க."

திரும்பும் வழியில் அண்ணன் என்னைவிட ரொம்ப முன்னால் நடந்தார். ஓடிப் போய்ப் பிடித்தேன்.

"நல்லதாப் போச்சு அண்ணே. அவருக்கு நினைப்பே இல்ல."

"என்ன நல்லது?" நடுத்தெருவில் நின்றுவிட்டார். "எப்படி தம்பி மறப்பான்? அவ என்ன, மறக்கற மாதிரியா இருக்கா? அக்காவை ஞாபகம் வெச்சிருக்கான், அந்த மூஞ்சியை! இவளைத் தெரியலையாம்! கண்ணு இருக்கா அவனுக்கு? கண்ணு இல்லாதவன் எப்படிப் போர் போடுவான்? பிளாக்கைத் திருப்பி வாங்கிட்டு வந்துடலாமா?"

வாங்க வேண்டாம் என்று தடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தெருமுனைக்கு வந்ததும் அவரே அடங்கினார்.

"வீட்ல கேப்பா" என்றார்.

"உள்ளதைச் சொல்லிடுங்க. உங்களுக்கும் தொல்லை விட்டுது. இனிமே பட்டறைப் பேச்சையே எடுக்கமாட்டாங்க."

அவர் கையில் இருந்தது எப்பேர்ப்பட்ட ஆயுதம் என்று எனக்குத் தெரியும். ஒரே வரியில் எல்லாம் முடிந்துவிடும்.

அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கோபத்தை மறந்து நேராகவே கேட்டார்: "கொடுத்தாச்சா? என்ன சொன்னாரு?"

அண்ணன் செருப்பைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றி, மற்றதைக் கழற்றி, இரண்டையும் ஒரு கோட்டில் வைத்தார்.

"உன்னை விசாரிச்சான்."

"என்னையா?"

"மாடியில இருந்த சின்னப் பொண்ணு சௌக்கியமான்னு கேட்டான். பேரு சொல்லியே கேட்டான்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அண்ணி குனிந்து இன்னொரு பீன்ஸை எடுத்தார். காதோரம் இல்லாத முடியை விரலால் ஒதுக்கிவிட்டார். "இத்தனை வருஷம் கழிச்சா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேற என்ன கேட்டாரு?"

"அவ்வளவுதான்."

"நல்லா இருக்கேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"அடேயப்பா, எத்தனை கேள்வி! பட்டறைக்கே கூட்டிட்டுப் போகவா?"

என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். "பாத்தீங்களா தம்பி? முடியை ஒதுக்கறா."

"நீங்கதானே அண்ணே சொன்னீங்க!"

"நான் சொன்னா? அதுக்காக இவ்வளவு சந்தோஷப்படணுமா?"

பிளாக் கண்ணாடி போல் வந்தது. பூட்டுகிற அன்று அண்ணி எதிரே வந்து உட்கார்ந்தார். புதுப் பிஸ்டனை வைத்தபோது, யாரும் சொல்லாமலே அண்ணன் துணியை அடைத்தார். பின்னைத் தள்ளினார். அண்ணியிடம் கையை நீட்டி, "அடுத்து என்ன?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொல்லு."

"சர்க்ளிப்."

"கொடு."

வண்டியை வாசலில் நிறுத்தி உதைத்தார். உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்த பிறகு வண்டி ஒரு தடவை இருமியது; பிறகு பிடித்துக்கொண்டது. அண்ணி கைதட்டினார். யாருக்காகத் தட்டினார் என்று அண்ணன் என்னிடம் பலமுறை விசாரித்திருக்கிறார்.

எனக்கு மாற்றலாகி அந்த வீட்டைவிட்டு வந்துவிட்டேன். போன மாதம் பார்த்துவிட்டு வந்தேன். அதே வீடு, அதே வண்டி. இப்போது அவருக்குக் கீழே வேலையாட்கள் இருக்கிறார்கள். சண்டை வந்தால் அண்ணி, "பேரு சொல்லி விசாரிக்க எனக்கும் ஆள் இருக்கு" என்கிறார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வெளியே போகிறார். உண்மையை இன்றுவரை சொல்லவில்லை. பட்டறைத் தெருவைத் தவிர்த்துச் சுற்று வழியில்தான் வேலைக்குப் போகிறார்.